கணினித் திணையியல்: மேசைக் கணினிக்குப் பாகம் தேர்தலின் அகமும் புறமும்

மனித விருப்பம் எதுவானாலும் ஏழு திணைக்குள் அடங்கும் என்பது தொல்காப்பியர் துணிபு. வீட்டுக்கென்று ஒரு மேசைக் கணினியைப் பாகம் பாகமாகப் பொறுக்கி அசெம்பிள் செய்யும் விருப்பம் எந்தத் திணை? உரையாசிரியர்களான இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் இதில் மௌனம் சாதிக்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை மாலை நின்று பார்த்திருந்தால் சாதித்திருக்கமாட்டார்கள். நடுவிலுள்ள ஐந்திணையும் லேப்டாப் வாங்குவோருக்கு உரியவை: கண்டார், காதலித்தார், கையோடு கூட்டிப்போனார். அசெம்பிள் செய்வோருக்கு எஞ்சியவை ஓரத்துத் திணைகளான கைக்கிளையும் பெருந்திணையும்.

கைக்கிளை ஒருதலைக் காமம். இங்கே தலைவி எப்போதும் கிராபிக்ஸ் கார்டு. 2022 அக்டோபரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 வெளிவந்தது. அமெரிக்க விலை 1,599 டாலர். நிறுவனமே செய்த கார்டின் நீளம் 304 மில்லிமீட்டர், ஓர் அடிக்கு மயிரிழை குறைவு. குடிக்கும் மின்சாரம் 450 வாட். இத்தனையும் தலைவனுக்கு மனப்பாடம். தலைவிக்கோ இப்படி ஒருவன் இருப்பதே தெரியாது. இலக்கணம் பிசகாத கைக்கிளை.

இதற்கு முந்தைய தலைமுறைக் கார்டுகள் 2021-இல் எதீரியம் என்னும் மின்நாணயம் தோண்டுவோருடன் உடன்போக்குப் போனவை. கடையில் கண்ணில் படுவதே அரிதாயிற்று. 2022 செப்டம்பரில் எதீரியம் தன் வழிமுறையை மாற்றி, கார்டுகளின் உழைப்பே வேண்டாம் என்றுவிட்டது. போனவை பழைய பொருள் சந்தைக்கு மீண்டன. விசிறி தேய்ந்து வந்தவற்றை ஏற்கலாமா என்பதில் செவிலித்தாயர் இருவேறு கருத்தினர்.

கைக்கிளைக்குப் புறத்திணை பாடாண் என்று தொல்காப்பியர் சொன்னது எவ்வளவு தீர்க்கதரிசனம்! பாடாண் என்பது கொடுப்பவனைப் புகழ்வது. “படிப்புக்குத்தாம்பா, இது இருந்தா ஆட்டோகேட் நல்லா ஓடும். நீங்க எதையுமே இல்லைன்னு சொன்னதில்லையேப்பா” என்ற கூற்றில் புகழ்ச்சியும் விண்ணப்பமும் ஒருங்கே அமைந்தமை காண்க. ஆட்டோகேடுக்கு 450 வாட் எதற்கு என்று அப்பா கேட்பதில்லை. கேட்டால் அது பாடாண் ஆகாது.

பெருந்திணை பொருந்தாக் காமம். இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. கோர் ஐ9 பிராசஸருக்குப் பக்கத்தில் ஒற்றை எட்டு ஜிபி ராம். இரண்டு குச்சியாகப் போட்டால் நினைவகத்துக்கு இரண்டு பாதை கிடைக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. 4090 கார்டு நொடிக்கு 200 சட்டகம் வரைந்து தள்ள, எதிரே 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 முறைக்கு மேல் திரையைப் புதுப்பிக்க மறுக்கிறது. பணத்தையெல்லாம் ஒருத்தியிடமே கொட்டிய வீட்டின் நிலை இது.

பெருந்திணைக்குப் புறன் காஞ்சி, அதாவது நிலையாமை. இளமை நில்லாது, யாக்கை நில்லாது என்ற வரிசையில் பிராசஸர் அமரும் சாக்கெட்டும் நில்லாது என்பதை இன்டெல் அளவுக்கு உணர்த்தியவர் இலர். 2009-இல் 1156 தொடுபுள்ளி, 2011-இல் 1155, 2013-இல் 1150, 2015-இல் 1151, 2020-இல் 1200, 2021-இல் 1700, 2024-இல் 1851. ஒவ்வொரு முறையும் மதர்போர்டு விதவையானது. 2017-இல் இன்னும் ஒரு படி மேல்: புள்ளி அதே 1151, ஆனால் எட்டாம் தலைமுறை பிராசஸர் பழைய பலகையில் ஓடாது. இதற்குத் தொல்காப்பியரிடமும் துறை இல்லை. ஏஎம்டி மட்டும் 2016-இல் தொடங்கிய ஏஎம்4 சாக்கெட்டுக்கு 2022-இலும் புதுப் பிராசஸர் தந்தது. அதைக் காஞ்சியில் சேர்ப்பதா, கற்பில் சேர்ப்பதா என்பது ஆய்வுக்குரியது.

இனி, மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பட்டியலில் கடைசியாக எழுதப்பட்டு முதலில் வெட்டப்படுவது. கேபினட்டோடு சேர்ந்தே வரும் பெட்டியில் ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நுணுகிப் பார்த்தால் கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட் வரிசைக்கு 18 ஆம்பியர் என்றிருக்கும். பெருக்கினால் 216 வாட். பிராசஸரும் கார்டும் பெரும்பாலும் உண்பது இந்த 12 வோல்ட்டைத்தான். மீதி 234 வாட் புலவர் மிகை. ‘80 பிளஸ்’ முத்திரை இருந்தால் 20, 50, 100 விழுக்காட்டுச் சுமைகளில் இழுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காடாவது உள்ளே போய்ச் சேரும். முத்திரை இல்லாததில் எது எங்கே போய்ச் சேரும் என்பதை வாசனை சொல்லும்.

“தம்பி, லைட் எரியற ஃபேனைக் குறைச்சுக்கோ, எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஏத்திக்கோ” என்று கடைக்காரர் சொல்வது முன் கசந்து பின் பயக்கும் சொல். வாயுறை வாழ்த்து என்னும் துறைக்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. தம்பி கேட்பதில்லை. ஏழு நிறத்தில் எரியும் விசிறிகளும் கண்ணாடிக் கதவும் உறுதியாகின்றன. கேபினட் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்றவன் பெறாதவனை வழியில் கண்டு, இன்னாரிடம் போ என்று கைகாட்டும் மரபு. அம்மரபு அரசினர் தோட்டம் மெட்ரோவிலிருந்து ரிச்சி தெரு வரையில் சிதையாமல் வாழ்கிறது. கையில் கேபினட் பெட்டியோடு எதிர்ப்படுபவன் நிறுத்திச் சொல்வான்: “நரசிங்கபுரம் தெருவுல திரும்பு, மாடியில இருக்கற கடை. நான் சொன்னேன்னு சொல்லு.” பழம் புரவலர் கொட்டேஷன் தந்ததில்லை, 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்ததும் இல்லை. மற்றபடி வேறுபாடு காணேன்.

பணம் எண்ணிக் கொடுத்தபின்னும் தலைவன் கடையை விட்டு நகரமாட்டான். “அண்ணே, ஒரு மவுஸ் பேடு?” இது பரிசில் கடாநிலை. கடைக்காரர் காதில் வாங்காததுபோல் வேறொருவருக்கு ராம் காட்டுவார். மறுபடி, “அண்ணே.” மேசைக்கடியிலிருந்து ஒரு பேடு வரும், ஏதோ மானிட்டர் நிறுவனத்தின் பெயர் போட்டு. பாணன் யானை பெற்றான், இவன் பேடு பெற்றான் என எழுதி முடிக்கலாம்தான். ஆனால் அந்தப் பேடு பில்லில் ஏறவில்லை. எனவே அதைப் பரிசில் என்பதா, கொட்டேஷனிலேயே ஒளிந்திருந்த தள்ளுபடி என்பதா என்பதை அடுத்துவரும் ஆய்வாளர், முடிந்தால் ஓர் ஆடிட்டரை உடன்வைத்துக்கொண்டு, தீர்ப்பாராக.