அடுத்த தலைமுறை சாகசக் குடும்பம்

அப்பா ஓய்ந்ததும் பிள்ளைகள் முகமூடி மாட்டிக்கொண்டு உலகைக் காக்கும் சூப்பர் ஹீரோ காமிக்ஸைப் புதுசு என்கிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக்காரர்கள் சிரிப்பார்கள். சோழ மன்னன் முதலாம் ராஜேந்திரனுக்குப் பின் அவன் பிள்ளைகள் மூவர் வரிசையாக அரியணை ஏறிய ஊர் அது. 1054-இல் கொப்பம் போரில் மூத்தவன் ராஜாதிராஜன் யானை மேலேயே மாண்டான்; தம்பி இரண்டாம் ராஜேந்திரன் களத்திலேயே முடிசூடி, கைவிட்டுப் போன சண்டையை ஜெயித்தான். அழக்கூட நேரமில்லை. அடுத்து வீரராஜேந்திரன். அதோடு கதாசிரியருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது போல! 1070-இல் அதிராஜேந்திரன் சில மாதமே தாங்க, முதலாம் ராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன் குலோத்துங்கன் வேங்கியிலிருந்து வந்து உட்கார்ந்தான். தலைமையகமா? கோயில் மதில் கல்லை 1836-இல் கீழணை கட்டப் பெயர்த்துப் போனார்கள். அரண்மனைக்கு மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளம்தான் மிச்சம்.