கேள்வி வராமல் கல்வெட்டு காட்டுவது எப்படி?

மணிமங்கலம் பக்கம் வரலாற்று ஆசிரியராக மாற்றலாகி வரும் நண்பர்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. வரலாற்றுப் பாடம் நடத்த ஏற்ற ஊர் இல்லை இது. வரலாறு இங்கே நடந்து தொலைத்திருக்கிறது.

பயிற்சி வகுப்பில், மூலச் சான்றுகளைக் கொண்டு கற்பியுங்கள் என்று ஸ்லைடு காட்டி, டீ வடை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்தச் சான்று பதினாறு வயதுப் பிள்ளைகள் கைக்குப் போனபின் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்த வழிகாட்டி. பிள்ளைகளுக்குச் சான்றும் காட்டியதாக இருக்க வேண்டும், வகுப்பில் கேள்வியும் எழக்கூடாது.

கூடியவரை தூரத்து ஆவணமாகப் பாருங்கள். 1215ஆம் ஆண்டு மகாசாசனம் (மேக்னா கார்ட்டா) அருமையான தேர்வு. ஜான் மன்னன்மீது ஒரகடம் வட்டாரத்தில் யாருக்கும் வருத்தம் கிடையாது. அவன் கையெழுத்துப் போட்டானா, முத்திரை குத்தினானா என்று கேட்க இங்கே அவனுக்குப் பங்காளியும் இல்லை. ஆண்டைச் சொல்லுங்கள், அடிக்கோடு போடச் சொல்லுங்கள், மணி அடித்துவிடும்.

சிக்கல் பல்லவர் பாடத்தில்தான் வரும். பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் புலிகேசியைத் தோற்கடித்த இடங்களில் மணிமங்கலமும் ஒன்று என்று ஏதாவது ஒரு பிள்ளை வாசித்துவிடும். "நம்ம ஊரா சார்?" என்று கடைசி பெஞ்ச் நிமிரும். அப்போது "ஆமாம், அடுத்த பத்தி" என்று நகர்ந்துவிட வேண்டும். எதில் எழுதியிருக்கிறது என்று சொல்லத் தொடங்கினால் அந்த வாரம் போயிற்று.

ஏனென்றால் அது எழுதியிருப்பது கூரம் செப்பேட்டில். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய போர்களில் புலிகேசி புறமுதுகு காட்டி ஓட, அந்த முதுகையே ஏடாகக் கொண்டு நரசிம்மவர்மன் 'விஜய' என்று மூன்றெழுத்து எழுதினானாம். பிள்ளைகளுக்கு இந்தக் கற்பனை ரொம்பப் பிடிக்கும். பிடித்த கையோடு, செப்பேடு யாருடையது என்று கேட்பார்கள். நரசிம்மவர்மனின் பேரன் முதலாம் பரமேஸ்வரவர்மனுடையது. சொல்லிவிடாதீர்கள். தாத்தாவின் சண்டையைப் பேரன் வீட்டில் எழுதினால் எப்படி எழுதுவார்கள் என்பது கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைக்கு நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஒரு செப்பேட்டோடு நிறுத்திக்கொண்டால் பிழைத்தீர்கள். இரண்டு ஆவணத்தை ஒரே பெஞ்சில் வைப்பதைப்போல ஆபத்து வேறில்லை. கர்நாடகத்து ஐஹொளேயில், 634ஆம் ஆண்டில், புலிகேசியின் புலவர் ரவிகீர்த்தி ஒரு கல்வெட்டு எழுதிவைத்திருக்கிறார். சாளுக்கியப் படை கிளப்பிய புழுதியில் பல்லவ மன்னன் மங்கிப்போய்க் காஞ்சியின் மதிலுக்குப் பின்னால் ஒளிந்தான் என்கிறார். அதே கல்வெட்டில் தம் கவிப்புகழ் காளிதாசனுக்கும் பாரவிக்கும் சமம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்கிறார். வேலைக்கு விண்ணப்பம் போடுகிற அண்ணன்மார் உள்ள வீட்டுப் பிள்ளைகள் இந்த வகை வரியைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். மறுபக்கம் காசக்குடிச் செப்பேடு, நரசிம்மவர்மனின் தந்தை மகேந்திரவர்மன் புள்ளலூரில் முக்கிய எதிரிகளை அழித்தான் என்கிறது. எந்த எதிரி என்று பெயர் இல்லை. எழுதப்பட்டதும் நூறாண்டுக்கு மேல் கழித்து. புள்ளலூர் நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அப்ப யாரு சார் ஜெயிச்சது?" என்பார்கள். ஒரு மதிப்பெண் வினாவுக்கு நான்கு விடை தருவது வழக்கம். 'சான்றுகள் முரண்படுகின்றன' என்பது அந்த நான்கில் ஒன்றாக வந்து நான் பார்த்ததில்லை.

இன்னும் மோசம், பாதாமிப் பாறையில் நரசிம்மவர்மனின் கல்வெட்டு இருப்பதைச் சொல்வது. சிதைந்த கல்வெட்டுதான். ஆனால் எதிரியின் தலைநகரில், எதிரியின் பாறையில், தன் பெயரை வெட்ட வேண்டுமானால் ஊர் கைக்கு வந்திருக்க வேண்டும் அல்லவா? இதைக் கேட்ட பிள்ளை, தாத்தா பெருமை பேசும் செப்பேட்டையும் அங்கேயே போய் வெட்டிய கல்லையும் தனித்தனித் தராசில் போடப் பழகிவிடும். பழகிய கை அப்புறம் பாடப்புத்தகத்தையும் தராசில் வைக்கும்.

அமெரிக்காவில் சாம் வைன்பர்க் என்பவர் 1991இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். வரலாற்றறிஞர்களிடமும் உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடமும் ஒரே ஆவணங்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அறிஞர்கள் யார் எழுதியது, எப்போது என்று பார்த்துவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்கினார்கள். மாணவர்கள் பாடப்புத்தகம் படிப்பதுபோல் முதல் வரியிலிருந்து நேராக வாசித்துக்கொண்டு போனார்கள். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது பழக்கம். நம் ஊர்ப் பிள்ளைகளிடம் அது குறைவாக இருப்பதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

உள்ளூர்க் கோயிலுக்கு அழைத்துப் போகலாமா? பெற்றோர் ஒப்புதல் கடிதம், எச்.எம். அனுமதி, எமிஸ் பதிவு என்று வரிசையாகத் தடைகள் இருப்பது உங்கள் நல்லகாலம். அத்தனையும் தாண்டிவிட்டால், தொல்லியல் துறை பாதுகாக்கும் தர்மேஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். யானையின் முதுகைப்போல் வளைந்த கருவறை, அழகு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். ராஜகோபாலப் பெருமாள் கோயில் பக்கம் மட்டும் வேண்டாம். அங்கே சுவர் பேசும். கல்வெட்டறிஞர் ஹூல்ட்ஷ் அதைப் படித்து 1899இலேயே 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' மூன்றாம் தொகுதியில் அச்சிட்டுவிட்டதால், படிக்க முடியவில்லை என்று தப்பிக்கவும் வழியில்லை.

அதில் வீரராஜேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டு, அதாவது 1067ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று. செங்காட்டுக் கோட்டத்து மாகணூர் நாட்டு மணிமங்கலத்தின் காரியம் எல்லாம் பிற்பாடுதான். முதலில் மன்னன் புகழ். சாளுக்கியன் ஆகவமல்லன், கூடலில் மறுபடி மோதலாம் வா என்று கடிதம் எழுதினானாம். சோழன் படித்துப் பூரித்துப் படையோடு போனானாம். குறித்த நாள் கடந்தும் ஒரு மாதம் காத்திருந்தானாம். ஆள் வரவில்லை. அப்புறம் இரட்டபாடியைக் கொளுத்தி, துங்கபத்திரைக் கரையில் வெற்றித்தூண் நட்டு, பொய்யன் ஒருவனை 'வல்லவன்' (சாளுக்கிய அரசன்) என்று நியமித்து, கழுத்தில் கண்டிகை கட்டி, ஊரறிய ஓடிப்போனவன் என்று பலகையிலும் எழுதிவைத்தானாம்.

இத்தோடு விட்டால் வீரவரலாறு. ஆனால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று செல்போனில் தேடி, ஆகவமல்லன் 1068இல் இறந்துபோனதைக் கண்டுபிடிக்கும். அவன் மகனின் அரசவைக் கவிஞர் பில்கணர், மன்னனுக்குத் தீராத காய்ச்சல் கண்டது, துங்கபத்திரையில் இறங்கி உயிரைவிட்டான் என்று எழுதியிருக்கிறார். வகுப்பு அத்தோடு தீர்ந்தது.

"அப்ப ஓடிப்போகல, மெடிக்கல் லீவு சார்!"

"லீவ் லெட்டர் குடுத்திருந்தா ஆப்சென்ட் போட்டிருக்க மாட்டாங்கல்ல?"

"அந்தச் சண்டைக்குக் கூப்பிட்ட லெட்டர் யாரு சார் பாத்தா? அதையும் இவங்கதானே சொல்றாங்க?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு முனைவர் பட்டம் கொடுக்கலாம். கொடுத்துவிடாதீர்கள். "அமைதி" என்று மேசையைத் தட்டுங்கள்.

கோயில் விளக்குக் கொடைகளையும் தொடவேண்டாம். சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூறு ஆடு என்பது வழக்கம். அவை 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகும், கிழமாகும். மேய்ப்பவர் வேறொன்றைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் காட்ட வேண்டும். கோயில் கணக்கில் தொண்ணூறு என்றைக்கும் தொண்ணூறுதான். இதை விளக்கினால், "எங்கப்பா கம்பெனில காண்ட்ராக்ட் ஆளுங்களும் இப்படித்தான் சார், நம்பர் மாறாது, ஆளு மாறும்" என்று ஒரு குரல் வரும். பாடம் பொருளாதாரத்துக்குத் தாவிவிடும். அது அடுத்த பீரியட் ஆசிரியரின் எல்லை.

வீட்டிலிருந்து பழைய ஆவணம் ஒன்று கொண்டுவாருங்கள் என்ற வீட்டுப்பாடத்தைக் கனவிலும் கொடுக்காதீர்கள். தஞ்சாவூர் ஓவியம் போட்ட கல்யாணப் பத்திரிகை வரும் என்று நினைப்பீர்கள். வருவது வேறு. பட்டா, வில்லங்கச் சான்று, தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுத்தபோது வந்த நோட்டீஸ். சென்ட் என்ன விலைக்குப் போனது என்று அதில் இருக்கும். இன்றைக்கு என்ன விலை என்று பிள்ளைக்கே தெரியும். இன்னொரு பிள்ளை அம்மாவின் நோக்கியா அடையாள அட்டையைக் கொண்டுவரும். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கி 2014 நவம்பர் 1இல் மூடிய ஆலை. சிரித்துக்கொண்டிருக்கும் அந்தச் சிறுவயது முகத்தை எந்தப் பாடத்தலைப்பின் கீழ் வைப்பீர்கள்? பே ஸ்லிப்பில் பிடித்தம் எவ்வளவு, ஆஃபர் லெட்டரில் 'ட்ரெய்னி' என்று இருக்கிறதா 'பர்மனென்ட்' என்று இருக்கிறதா, கையெழுத்து கம்பெனியுடையதா காண்ட்ராக்டருடையதா என்று வீட்டில் பெரியவர்கள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். வைன்பர்க்கின் மாணவர்களைப்போல முதல் வரியிலிருந்து தொடங்க மாட்டார்கள். நேராக அடியில் பார்ப்பார்கள்.

2024 செப்டம்பர் 9இல் தொடங்கிய சாம்சங் வேலைநிறுத்தம் பக்கம் பேச்சுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 7இல் உடன்பாடு ஏற்பட்டதாக அரசுத் தரப்பில் அறிவித்தார்கள். போராட்டம் நடத்திய சங்கம் அதை ஏற்கவில்லை; வேலைநிறுத்தம் 15ஆம் தேதிவரை நீண்டது. நிர்வாகத்தின் அறிக்கை, சங்கத்தின் நோட்டீஸ், அமைச்சர்களின் பேட்டி மூன்றையும் ஒரு பிள்ளை வரிசையாக அடுக்கி, "இது புள்ளலூர் மாதிரியே இருக்கு சார்" என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

இவ்வளவும் மீறி ஏதாவது நடந்துவிட்டால் கைகொடுப்பது நோட்ஸ் ஆஃப் லெசன். அதைப் பாடம் நடக்கும் முன்பே எழுதி எச்.எம். கையெழுத்து வாங்கியிருப்பீர்கள் என்பதால் கவலை இல்லை. 'மாணவர்கள் அனைவரும் ஆர்வத்துடன் பங்கேற்றனர். மூலச் சான்றுகளின் முக்கியத்துவத்தை உணர்ந்தனர். கற்றல் விளைவு எட்டப்பட்டது' என்று அழகான கையெழுத்தில் இருக்க வேண்டும். சி.இ.ஓ. ஆய்வுக்கு வந்தால் அதைத்தான் பார்ப்பார். ஆய்வு முடிந்ததும் நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பதினொன்று 'பி' பிரிவின் கையில் சிக்கினால், அவர்கள் முதலில் தேதியைப் பார்ப்பார்கள்.