சைக்கிள் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கம்

1986-ல் எனக்கு வந்த முதல் மெமோவை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். நான் அங்கே டர்னர். சங்கத் தேர்தல் நேரம். பழைய நிர்வாகிகளை எதிர்த்து நாங்கள் ஏழு பேர் ஓர் அணியாக நின்றோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில், கேன்டீனில், முன் அனுமதி வாங்காமல் நோட்டீஸ் கொடுத்தேன். குற்றம் அவ்வளவுதான். நிலையாணையில் அதற்கென்று ஒரு பிரிவே இருந்தது. மூன்று நாள் சஸ்பென்ஷன்.

அந்த நோட்டீஸ் கொரட்டூரில் ஒரு சின்ன அச்சகத்தில் அடித்தது. ரோஸ் நிறத்தில் மலிவுத் தாள். கேட்டில் செக்யூரிட்டி பையைத் துழாவுவார் என்பதால் டிபன் கேரியரின் அடித்தட்டில் மடித்து வைத்து, மேல்தட்டில் இட்லி வைத்துக்கொண்டு போனேன். வாங்கியவர்கள் கையெல்லாம் கட்டிங் ஆயில். மடித்துச் சட்டைப்பைக்குள் போடுவதற்குள் எழுத்து பாதி கலைந்துவிடும். மீதியைப் படித்துப் புரிந்துகொண்டார்கள்.

உள்ளே வாய் திறக்க முடியாது என்றால் வெளியே பேசலாமே என்பார்கள். வெளியே பேசினோம். ஷிப்ட் விட்டதும் சைக்கிள் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கம், கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் ஏறி நின்றால் முந்நூறு பேராவது காது கொடுப்பார்கள். சென்னையில் தொழிற்சங்கம் பிறந்ததே அப்படித்தான். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, பி அண்ட் சி நெசவு மில் ஆட்களிடம் அந்தச் சங்கத்தை நிறுவிய வாடியாவும் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் பேசியது மில்லுக்குள் அல்ல, பெரம்பூரில் மில்லுக்கு வெளியே. அன்று வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நடந்து வந்தவர்கள். வெளியே பேசினாலும் அவர்கள் காதில் விழுந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று அப்போதே ஒரு வக்கீலிடம் போய்க் கேட்டேன். 1969-ல் உச்ச நீதிமன்றம் ஒரு ரயில்வே தொழிலாளியின் வழக்கில் சொன்னதை எடுத்துக் காட்டினார்: பேச்சுரிமையும் கூடும் உரிமையும் உண்டு, ஆனால் அடுத்தவருக்குச் சொந்தமான இடத்தில்தான் அதைச் செலுத்துவேன் என்று கேட்க முடியாது. ரயில்வே தன் இடத்தில் கூட்டத்தைத் தடுக்கலாம். அரசாங்கமே இப்படிச் செய்யலாம் என்றால் எங்கள் முதலாளிக்கு என்ன தடை? அந்தத் தீர்ப்பை நான் இன்றுவரை ஏற்கவில்லை. ஒருவன் தன் நாளில் எட்டு மணி நேரத்தை விற்கிறான். சாப்பாட்டு அரைமணி அவனுடையது. அந்த அரைமணியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனிடம் 'எனக்கு ஓட்டுப் போடு' என்று சொல்ல யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

இனி சொல்லப்போவது எனக்கு எளிதாக வராது. 1990-ல் நாங்கள் ஜெயித்தோம். நான் துணைச் செயலாளர். பர்சனல் ஆபீசில் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். தொழில்துறைக்கான 1958-ன் ஒழுங்குமுறை நெறிப்படி, அங்கீகாரம் பெற்ற சங்கத்துக்கு ஆலைக்குள் அறிவிப்புப் பலகை உண்டு, உள்ளேயே சந்தா வசூலிக்கலாம். கண்ணாடிக் கதவு போட்ட பலகை ஒன்று கேன்டீன் வாசலில் வந்தது. சாவி என் சட்டைப்பையில்.

அடுத்த தேர்தலில் எங்களை எதிர்த்து வெல்டிங் பிரிவிலிருந்து ஒரு பையன் நின்றான். ஒருநாள் கை துடைத்துக்கொண்டே என் மெஷினிடம் வந்தான்.

"அண்ணே, போர்டுல ஒரு ஓரமா எங்க நோட்டீஸையும் ஒட்டிக்கிறோம். சாவி குடுங்கண்ணே."

"போர்டு சங்கத்தோடது தம்பி. நீங்க கேட்டுக்கு வெளிய ஒட்டிக்கோங்க."

"நானும் சந்தா கட்றேன்ண்ணே" என்றான். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் போய்விட்டான்.

பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தோம். அந்தப் பத்தொன்பதும் எங்கள் வேலைக்குக் கிடைத்ததா, என் பையில் கிடந்த சாவிக்குக் கிடைத்ததா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. தொழில் தகராறு சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, போட்டியிடும் சங்கங்களில் அங்கீகாரம் பெறாத ஒன்றுக்கு முதலாளி பாரபட்சம் காட்டுவதை முறையற்ற செயல் என்றது. ஒரே சங்கத்துக்குள் இரண்டு அணி மோதும்போது, பலகையைக் கையில் வைத்திருப்பவன் காட்டும் பாரபட்சத்தைப் பற்றி அதில் ஒரு வரி இருந்ததில்லை. ஆலைக்குள் கிடைக்கும் உரிமையெல்லாம் சங்கத்துக்கு என்றே எழுதப்பட்டிருக்கிறது. சங்கத் தலைமையை எதிர்த்து நிற்கும் உறுப்பினன் எங்கே நின்று பேசுவான்? வெளியே அனுப்பப்பட்ட நானே அவனை வெளியே அனுப்பினேன்.

இப்போது அந்த 'வெளியே'வும் இல்லை. என் அக்கா மகன் ஒரகடம் பக்கம் வேலை செய்கிறான். கம்பெனி பஸ் காஞ்சிபுரத்திலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் ஆளை ஏற்றிக்கொண்டு நேராக கேட்டுக்குள் போய்த்தான் நிற்கிறது. திரும்பும்போதும் உள்ளேயே ஏறிவிடுகிறார்கள். கேட்டுக்கு வெளியே நாலு வழிச் சாலை. டீக்கடையும் இல்லை, நிற்க நிழலும் இல்லை. நான் பெஞ்சில் ஏறிப் பேசிய பேச்சை அங்கே போய்ப் பேசினால் லாரிக்காரர்கள்தான் கேட்பார்கள். வாட்ஸ்அப் இருக்கிறதே என்றேன். "குரூப்ல சூப்பர்வைசரும் இருக்காரு மாமா" என்றான். எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக் கேட்கும் ஓட்டு வேறு. அதற்கு இன்று கேன்டீனை விட்டால் இடமில்லை.

ரயில்வேயில் கொஞ்சம் நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2007, 2013, பிறகு 2024 டிசம்பர் 4 முதல் 6 வரை என்று அங்கீகாரத்துக்கு ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. பதிவான ஓட்டில் 35 சதவீதம், அல்லது மொத்த வாக்காளர்களில் 30 சதவீதம் வாங்கும் சங்கத்துக்கு அங்கீகாரம். கூட்டமே கூடாது என்று 1969-ல் வாதாடி ஜெயித்த ரயில்வேயின் வளாகத்துக்குள் ஓட்டுப்பெட்டி வந்ததை நினைத்தால் மனம் நிறைகிறது.

போன வாரம் குமணன்சாவடியில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்ற அக்கா மகனோடு நானும் நின்றிருந்தேன். அவர்கள் சங்கத்திலும் தேர்தல் வருகிறது. இவன் இப்போது, போன தேர்தலில் ஜெயித்த அணியில் இருக்கிறான்.

"எதிர் அணிக்கும் கேன்டீன்ல பேச நேரம் குடுத்தீங்களாடா?"

"அவங்க எதுக்கு மாமா உள்ள? அதெல்லாம் ஹெச்.ஆர். பாத்துப்பாங்க."

பஸ் வரும்வரை அந்த வெல்டர் பையனைப் பற்றி அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.