எக்ஸ்ரே அனுப்ப வேண்டாம்

கிளாஸ்கோ,
டிசம்பர் மாதம்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே மழை. நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வெயிலை நான் பார்ப்பது நீங்கள் அனுப்பும் போட்டோக்களில்தான்.

முதலில் ஒரு விண்ணப்பம். பெரிய அத்தையின் முழங்கால் எக்ஸ்ரேயும் எதிர்வீட்டு மாமாவின் சர்க்கரை ரிப்போர்ட்டும் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தன. நான் படிப்பது எம்.எஸ்ஸி. மருந்து வேதியியல். டாக்டர் படிப்பு இல்லை. மாத்திரைக்குள் இருக்கும் மூலக்கூறை எப்படி யோசிப்பது, எப்படிச் செய்வது என்பதுதான் பாடம். முழங்காலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், நாள் முழுக்க ஆய்வகத்தில், புகையை உறிஞ்சும் ஃப்யூம் ஹூட் முன்னால் நின்றால் அது வலிக்கும் என்பதே.

"எப்போதம்மா மருந்து கண்டுபிடிப்பாய்?" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் நெஞ்செரிச்சலை வைத்தே சொல்கிறேன். பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு ரானிடிடின் போட்டுக்கொள்வீர்களே, அந்த வகை மாத்திரைக்கு வழி திறந்தவர் ஜேம்ஸ் பிளாக். பக்கத்து அடிங்ஸ்டனில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பிரிவில் பாடம் நடத்தியவர். 1988-இல் நோபல் வாங்கியவர். போன சனிக்கிழமை அந்த ஊருக்குப் போய் வந்தேன். அங்கே புகழெல்லாம் டன்னாக்ஸ் கேரமல் வேஃபருக்குத்தான். நானும் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வயிற்றில் அமிலம் சுரக்கச் சொல்வது ஹிஸ்டமின். சளிக்குக் கொடுக்கும் பழைய ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகளை வயிறு மதிக்கவில்லை. அப்படியானால் வயிற்றில் ஹிஸ்டமின் திறப்பது வேறு பூட்டு என்று, அதை அடைக்கும் சாவி தேடி 1964-இல் பிளாக் குழு கிளம்பியது. முதலில் கிடைத்த புரிமமைடை வாய்வழியாகக் கொடுத்தால் சரியாக வேலை செய்யவில்லை. அடுத்து வந்த மெட்டியமைடு பிரமாதம். ஆனால் சில நோயாளிகளுக்கு வெள்ளை அணுக்கள் குறைந்தன. குற்றவாளி அதிலிருந்த ஒரு கந்தக அணு என்று சந்தேகப்பட்டு, அதைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு சயனோ துண்டை உட்காரவைத்தார்கள். அதுதான் சிமெடிடின். கடைக்கு வந்தது 1976-இல். ஒரு அணுவை மாற்றிய கதைக்கே பன்னிரண்டு வருஷம், சித்தப்பா. எனக்கு இருப்பது ஒரே வருஷம், அதிலும் பாதி பரீட்சை.

மாத்திரையாகத் தகுதி உண்டா என்று பார்க்க, லிபின்ஸ்கி என்பவர் 1997-இல் ஒரு விதி எழுதினார். நீங்கள் ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பீர்கள். இவருக்கு நாலே பொருத்தம். மூலக்கூறு எடை 500-ஐத் தாண்டக்கூடாது, கொழுப்பில் அளவுக்கு மீறிக் கரையக்கூடாது, ஹைட்ரஜன் பிணைப்பு கொடுக்கும் இடம் ஐந்துக்குள், வாங்கும் இடம் பத்துக்குள். சைக்ளோஸ்போரின் என்று ஒன்று. எடை 1,200. பொருத்தம் தேறாது. ஆனாலும் வாய்வழியாக உள்ளே போய், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களைக் காப்பாற்றுகிறது. காதல் கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆய்வகத்தில் செய்ய முயலும் மூலக்கூறுக்கு நாலு பொருத்தமும் உண்டு. பெண்ணைத்தான் காணோம். புத்தகத்தில் "வெள்ளைப் படிகம்" என்று போட்டிருக்கிறது. எனக்கு வந்தது பழுப்பு நிறப் பிசின். கலவையைப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தகட்டை யு.வி. விளக்கில் காட்டினால் ஒரு புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் நாலு ஊதாப் புள்ளிகள், ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு. சிலிக்கா நிரப்பிய குழலில் ஊற்றி, சொட்டுச் சொட்டாய் வருவதைச் சோதனைக்குழாய்களில் பிடித்து, மாலைவரை நின்றேன். அத்தனையும் ரோட்டாவேப்பில் வற்றவைத்ததில் குடுவையின் அடியில் நகக்கண் அளவுக்கு ஏதோ ஒட்டியிருந்தது. அது என்ன மூலக்கூறு என்று பார்க்க ஆசையாக என்.எம்.ஆர். எடுத்தேன். பளிச்சென்று தெரிந்தவை எத்தில் அசிடேட்டின் கோடுகள். அதாவது, கழுவப் பயன்படுத்திய கரைப்பான்! பேராசிரியர் பார்த்துவிட்டு, "எத்தில் அசிடேட் ரொம்ப சுத்தமாக இருக்கிறது" என்று பாராட்டினார்.

உங்கள் ரானிடிடின் இங்கே கிடைக்காது. அதில் என்.டி.எம்.ஏ. என்ற மாசு இருப்பது தெரிந்து, புற்றுநோய் அபாயத்துக்கு அஞ்சி, 2020-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறுத்திவிட்டார்கள். பதற வேண்டாம், மாற்று மாத்திரைகள் இருக்கின்றன. டாக்டரைக் கேளுங்கள், நிஜ டாக்டரை. பஜ்ஜியைக் குறைக்கச் சொல்ல மட்டும் என் படிப்பே போதும்.

அம்மாவிடம் பருப்புப்பொடி கேட்டிருக்கிறேன். பொட்டலத்தின்மேல் பெயர் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். வேதியியல் படிக்கும் பெண்ணுக்குப் பெயரில்லாத பொடி கிலோக்கணக்கில் வந்தால் சுங்கத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அன்பு மகள்.