மஞ்சள் வந்தால் மங்களமா?

நவகைலாயத்தில் சந்திரனுக்கு உரியது எங்கள் சேரன்மகாதேவி. தாமிரபரணியில் முங்கி எழுந்து அம்மைநாதரைக் கும்பிட்டுப் போக, வெளியூரிலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், ஆற்றுக்குத் துண்டைத் தோளில் போட்டு நடந்தே போய்விடுகிற தெருவில், வளைகுடாவிலிருந்து திரும்பிய என் அத்தான் கொல்லையில் நீச்சல் குளம் கட்டினார்.

"ஆத்துல ஆழம் தெரியாது மாப்ளே" என்பது அவர் கட்சி. ஆச்சி மட்டும் ஆரம்பத்திலேயே சொன்னாள்: "ஓடுத தண்ணிக்கு ஒண்ணும் போட வேண்டாம்ல. நிக்க தண்ணிக்கு நித்தம் படியளக்கணும்."

குளம் இருபதடி நீளம், பத்தடி அகலம், நாலரையடி ஆழம். சுமார் 25,000 லிட்டர் பிடிக்கும். அதில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் எப்போதும் இருக்க வேண்டும். ஒரு மில்லிகிராம் ஏற்றுவதற்கே 25 கிராம் குளோரின் வேண்டும். ப்ளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குகூடக் குளோரின் தேறாது என்பதால், பவுடர் கணக்கில் அது 80 கிராமுக்கு மேல். மூட்டையைத் திறந்து போட்டுவிட்டால் நாள்பட வீரியமும் குறையும். விளைவு: அக்காவின் சமையலறைத் தராசு கொல்லைக்குப் போனது, திரும்பவில்லை.

சோதனைக்கு ஒரு சின்னப் பெட்டி. கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரை எடுத்து, இரண்டு சொட்டு ஆர்த்தோடொலிடின் விட்டால் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு குளோரின். குடிதண்ணீர்க் குழாயில் 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கிறவர்களும் இதைத்தான் வைத்திருப்பார்கள். அத்தான் விடிந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, குழாயைக் கிழக்கே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். சந்திரன் ஸ்தலத்தில் இப்படி ஒரு சூரிய நமஸ்காரம். மஞ்சள் தெரிந்தால் மங்களம், அப்புறம்தான் காப்பி.

காலையில் போட்டதை எங்கள் ஊர் வெயில் மத்தியானத்துக்குள் குடித்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. புற ஊதாக் கதிருக்குக் குளோரின் தாங்காது. பொழுது சாய்ந்து போடுங்கள் அத்தான் என்றேன். "சாயங்காலம் சீரியல் இருக்குல்லா" என்றார்.

சனிக்கிழமைதான் உண்மையான சோதனை. சம்பந்தி வீட்டார் உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து, ஊறவைத்து, சீயக்காய்க் கிண்ணத்தோடு நேரே குளத்துக்குள் இறங்கினார்கள். பின்னாலேயே பிள்ளைகள். அவர்கள் இடையில் ஒரு தடவைகூடக் கரையேறிக் கழிப்பறைப் பக்கம் போகவில்லை. இதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை.

சாயங்காலம் கண் எரிகிற அளவுக்கு வாடை. அத்தானுக்கோ பெருமை. "வாடையே சொல்லுதுல்லா மாப்ளே, எவ்வளவு சுத்தம்னு!"

அங்கேதான் விஷயம் தலைகீழ். சுத்தமான குளத்தில் வாடை ரொம்பக் குறைவு. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கூடினால் குளோரமின் உண்டாகும். மூக்கைத் துளைப்பதும் கண்ணை எரிப்பதும் அதுதான். வாடை வந்தால் குளோரின் கூடிப்போச்சு என்று அர்த்தமில்லை, பத்தவில்லை என்று அர்த்தம். இதில் அந்த மஞ்சளும் ஆளை ஏமாற்றும். ஆர்த்தோடொலிடின், வேலை செய்கிற குளோரினையும் குளோரமினாய்ச் சிக்கிக்கொண்டதையும் சேர்த்தே காட்டும். அதனால்தான் குழாயில் மஞ்சளும் குளத்தில் பச்சையுமாக ஒரு வாரம் ஓடியது. பிரித்துப் பார்க்க டிபிடி என்ற மருந்து வேண்டும், அது இளஞ்சிவப்பாகும். போதாக்குறைக்கு, ப்ளீச்சிங் பவுடரே தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். பிஹெச் 7.5 இருந்தால் குளோரினில் ஏறக்குறையப் பாதி வேலை பார்க்கும். 8 ஆனால் கால்வாசிதான்.

ஆறு இதைவிட மேல் என்று நான் சொல்ல வரவில்லை. பாபநாசத்தில் பரிகாரம் என்று விடுகிற வேட்டி சேலையும், வழிநெடுக ஊர்ச் சாக்கடையும் அதில்தான் சேர்கின்றன. அத்தான் குளத்தையாவது தினம் ஒருவர் குழாயில் பிடித்துப் பார்க்கிறார்.

பிஹெச்சை இறக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் வாங்கினார் அத்தான். ரெண்டு வேலையும் ஒரே நடையில் முடியட்டும் என்று பவுடர் வாளியிலேயே அதை ஊற்றப் போனவரை, அக்கா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் இப்ர் போர்முனையில் ஜெர்மன் படை திறந்துவிட்ட குளோரின் வாயுதான் அந்த வாளியிலிருந்து கிளம்பியிருக்கும்.

ஆகவே, வீட்டில் குளம் கட்டுகிறவர்கள் தாராளமாகக் கட்டுங்கள். பவுடருக்கும் அமிலத்துக்கும் தனித்தனி வாளி வையுங்கள். இறங்குகிற இடத்தில் ஒரு குழாயும் போடுங்கள். சம்பந்தியே ஆனாலும் எண்ணெய் போகக் குளித்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.