பால்கனி நூற்பா: பட்டினப்பாக்கத்து மாடி வீடுகளில் வழுவும் வழுவமைதியும்

தோட்டம் போடுவதற்கும் வீட்டை அலங்கரிப்பதற்கும் விதிகளுக்குக் குறைவில்லை. அவற்றை மீறுவோருக்கும் குறைவில்லை. குறையாக இருப்பது, மீறல்களை வகைப்படுத்தி எது பிழை, எது பொறுத்துக்கொள்ளத் தக்கது என்று வரையறுத்துச் சொல்லும் நூல்தான். மொழியைப் பொறுத்தவரை இந்த வேலையை இலக்கண ஆசிரியர்கள் என்றோ முடித்துவிட்டனர். பிழையின்றி அமைந்த தொடரை வழாநிலை என்றும், பிழைபட்டதை வழு என்றும், பிழையே ஆனாலும் தக்க காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்பட்டதை வழுவமைதி என்றும் அவர்கள் பெயரிட்டனர். பவணந்தி முனிவரின் நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை ஏழாகப் பகுக்கிறது. இந்த ஏழும் பால்கனித் தொட்டிகளுக்கும் சுவர் ஆணிகளுக்கும் பொருந்துமா என்று சோதிப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக் களம்

அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கு வடக்கே அமைந்த பட்டினப்பாக்கம் இதற்கு மிகத் தகுதியான களமாகும். அரசு ஊழியர் குடியிருப்புகளால் பெயர்பெற்ற போர்ஷோர் எஸ்டேட்டும், மீனவர்களும் பிற உழைப்பாளிகளும் வாழும் சீனிவாசபுரத்து வாரியக் குடியிருப்புகளும் இங்கே ஒரே உப்புக்காற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியபோதும் மக்கள் வாயில் அது ‘போர்டு’ என்றே நிலைத்திருப்பதால், பெயரிலேயே மரபு மாறாத வட்டாரம் இது என்பது விளங்கும். விதிகளின் பிறப்பிடங்களும் தொலைவில் இல்லை. 1835இல் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கமும், 2010இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவும் கதீட்ரல் சாலையில் உள்ளன. அடையாற்றுக் கழிமுகத்தின் ஓரத்தில் 2011இல் திறக்கப்பட்ட பூங்காவுக்கோ இலக்கண ஆசிரியர் தொல்காப்பியரின் பெயரையே சூட்டியுள்ளனர். இத்தனை கண்காணிப்புக்கு நடுவிலும் பட்டினப்பாக்கத்துப் பால்கனிகள் விதி மீறுகின்றன என்பதே ஆய்வாளரை ஈர்க்கும் செய்தி.

திணை வழு

திணை என்பது சொல்லிலக்கணத்தில் உயர்திணை, அஃறிணை என்ற பாகுபாட்டையும், பொருளிலக்கணத்தில் நிலத்தையும் அதன் ஒழுக்கத்தையும் குறிக்கும். ஒரு பால்கனி இவ்விரண்டையும் ஒருசேர மீற வல்லது. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று சொல்வதை உவப்பினால் வந்த திணை வழுவமைதி என்று பள்ளிப் பாடநூல்கள் கற்பிக்கின்றன. அவ்வாறாயின், பெயிண்ட் வாளியில் நிற்கும் துளசிக்கு நீர் வார்த்தபடி ‘அம்மா தாயே’ என்பதும், மொட்டு விடாத செம்பருத்தியைப் பார்த்து ‘ஏண்டி இப்படிப் பண்றே’ என்பதும் முறையே பக்தியாலும் சினத்தாலும் வந்த வழுவமைதிகளே.

நிலத்தைப் பொறுத்தவரை பட்டினப்பாக்கம் நெய்தல். புன்னையும் தாழையும் அடம்பங்கொடியுமே அதற்கு உரியவை. அவற்றுள் புன்னை, மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் தலமரம் என்பதால் இவ்வட்டாரத்தில் அதன் உரிமை இருமடங்கு உறுதியானது. ஆயினும் பால்கனியில் இருப்பது புன்னை அன்று, ஓசூரிலிருந்து வந்த ரோஜா. இம்மீறலுக்குத் தொல்காப்பியமே இடமளிக்கிறது: ஒரு நிலத்துக்குரிய பூவும் பறவையும் வேறு நிலத்தில் வந்து தோன்றுமாயின், அவை வந்து சேர்ந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. இலக்கணம் இசைந்தாலும் கடற்காற்று எளிதில் இசைவதில்லை. காற்றில் வரும் உப்பு இலைமேல் படிந்து விளிம்புகளைக் கருக்கிவிடுவதால், அன்றாடம் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுவோர் வீட்டில் மட்டுமே ரோஜா நெய்தலுக்கு உரியதாகிறது. உப்புக்கு அஞ்சாத காகிதப்பூவும் நித்தியகல்யாணியும் எந்தச் சலுகையும் கேட்காமல் பக்கத்திலேயே பூத்துக்கொண்டிருக்கின்றன.

பால் வழு

சுரை, புடல், பாகல், பூசணி ஆகிய கொடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூக்கும். பெண்பூவின் அடியில் பிஞ்சு வடிவிலான சிறு புடைப்பு இருக்கும், ஆண்பூவில் வெறும் காம்பு மட்டுமே. இரண்டையும் இணைத்துவைப்பது பூச்சிகளின் வேலை என்பது இயற்கையின் விதி. மூன்றாம் மாடியில், கடற்காற்று அடித்துத் தள்ளும் பால்கனிக்கு வண்டும் தேனீயும் வந்து சேர்வது அரிது என்பதால், அவ்வேலையை வீட்டுக்காரரே மேற்கொள்கிறார். பூசணிப்பூ காலையிலும் சுரைப்பூ அந்தியிலும் விரிவதால் அவருக்கு நாளுக்கு இருமுறை பணி. ஆண்பூவைக் கிள்ளி, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில் தடவுகிறார். மனிதர் தேனீயின் தொழிலை ஏற்பது வழுவாயினும், அதன் பயன் கூட்டாகவும் பொரியலாகவும் வெளிப்படுவதால் அமைதி பெறுகிறது.

இட வழு

இலக்கணத்தில் இடம் என்பது தன்மை, முன்னிலை, படர்க்கை. மாடி வீட்டிலோ அது இல்லாமற்போன ஒன்று. அறையின் நீள அகலத்துக்கு அடிக்கணக்கில் பலன் சொல்லும் மனையடி சாஸ்திரம், அறையை அளந்து கட்டுபவர் வீட்டுக்காரர் என்ற எண்ணத்தில் எழுந்தது; வாரியக் குடியிருப்பில் அப்பலன்களுக்கான பொறுப்பு அரசாங்கப் பொறியாளரைச் சேரும். துளசிமாடம் முற்றத்தில் இருக்க வேண்டுமென்பது மரபு, முற்றமோ இல்லை. எனவே துளசி கம்பிக் கிராதியின் மேலும், வாஷிங் மெஷின் ஈசானிய மூலையிலும் அமைகின்றன. குழாய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மெஷின் இருக்க முடியும் என்பது இதற்குரிய அமைதி.

இட வழுவின் உச்சம் வாசற்படிக்கு மேலே தொங்குகிறது. செடி மண்ணில் நிற்க வேண்டும், வேர் கீழே இருக்க வேண்டும் என்ற இரு அடிப்படை விதிகளையும் ஒரே கயிற்றில் கட்டி மீறுவது, திருஷ்டிக்காகத் தலைகீழாகத் தொங்கவிடப்படும் கற்றாழை. அது மாதக்கணக்கில் வாடாமல் இருப்பதற்குக் காரணம், சதைப்பற்றுள்ள இலைகளில் நீரைச் சேமித்துவைப்பதும், பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் மட்டும் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுப்பதுமாகும். கண்ணேறு கழிந்ததா என்பதை நிறுவ இயலாவிட்டாலும், தொட்டியும் எருவும் நீரும் இல்லாத தோட்டக்கலை ஒன்று நடைமுறையில் உள்ளது என்பது இதனால் நிறுவப்படுகிறது.

கால வழு

ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்பது உழவர் வாக்கு. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் சென்னைக்கு அதில் பெரும்பங்கைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. பால்கனியின் பட்டமோ இவற்றைச் சார்ந்ததன்று. அழுகிய தக்காளி தொட்டிக்குள் எறியப்படும் நாளே விதைப்பு நாள்.

அலங்காரத்திலும் கால வழு உண்டு. தீபாவளிக்குக் கட்டிய சீரியல் விளக்குகள் பங்குனியிலும் மினுக்குகின்றன. நாள்காட்டியின் தாள்கள் முற்றும் தீர்ந்த பிறகும் அட்டையிலுள்ள முருகர் ஆணியை விட்டு இறங்குவதில்லை. சாமி படத்தைக் குப்பையில் போட மனம் வராது என்பது வெளிப்படையான காரணம். அட்டைக்குப் பின்னால் சுவரின் காரை உதிர்ந்திருக்கிறது என்பது மறைமுகமான காரணம். உப்புக்காற்று உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து, துரு பருத்து, மேற்பூச்சைத் தள்ளுவதால் இவ்வட்டாரத்தில் காரை உதிர்வது வழக்கமாதலின், பழைய நாள்காட்டிகளின் தேவை குறையப்போவதில்லை.

வினா வழுவும் விடை வழுவும்

இவ்விரண்டும் இணைபிரியாதவை. செடி விற்கும் தள்ளுவண்டியில் பூத்துக் குலுங்கும் ரோஜாவைச் சுட்டி ‘இது பூக்குமா?’ என்று கேட்பது வினா வழு. வாங்குபவர் கேட்க விரும்புவது ‘என் வீட்டிலும் பூக்குமா?’ என்பதே ஆகையால் இது அமைதி பெறும். வண்டிக்காரர் தரும் ‘தண்ணி ஊத்துங்க’ என்ற மறுமொழி கேள்வியைத் தொடாமலே எக்காலத்தும் பொருந்துவதால், விடை வழுவுக்குச் செம்மையான சான்றாகிறது. இதனினும் நுட்பமானது மாடிகளுக்கிடையே நிகழ்வது. கீழ்வீட்டார் ‘மேல யாருப்பா தண்ணி ஊத்துறது?’ என்று குரல்கொடுக்க, மேலிருந்து ‘மழை வர்ற மாதிரி இருக்குக்கா’ என்று விடை இறங்குகிறது.

மரபு வழு

செடிக்கு மண்தொட்டி என்பது மரபு; பட்டினப்பாக்கத்தில் பெயிண்ட் வாளி, உடைந்த பிளாஸ்டிக் குடம், பாதியாக அறுத்த தண்ணீர் கேன், மீன்காரர்கள் கழித்த தெர்மாகோல் பெட்டி ஆகியவை அவ்விடத்தைப் பிடித்துள்ளன. லூப் சாலையின் மீன் வணிகம் அருகிலேயே நடப்பதால் தெர்மாகோலுக்குத் தட்டுப்பாடு இல்லை. பனிக்கட்டி உருகாமல் காக்கும் அப்பெட்டி, சித்திரை வெயிலில் தளத்தின் சூடு வேருக்கு ஏறாமலும் காப்பதால், அழகில் இழந்ததை அறிவியலில் ஈட்டிக்கொள்கிறது. கிழிந்த வலை பாகற்கொடிக்குப் பந்தலாகிறது. மீன் கழிவைச் சம அளவு வெல்லத்துடன் மூடிவைத்து நொதிக்கச்செய்த மீன் அமிலம், நீரில் நன்கு கலந்து தெளிக்கப்பட்டு உரமாகிறது.

மரபு வழுவில் தனியே ஆராயத்தக்கது மணிபிளாண்ட். விலைகொடுத்து வாங்கினால் செழிக்காது, கேட்காமல் கிள்ளிவந்தால்தான் செழிக்கும் என்பது நம்பிக்கை. பசிபிக் பெருங்கடலின் மூரியா தீவைத் தாயகமாகக் கொண்ட இக்கொடி பூப்பது மிக அரிது; ஆகவே தண்டை வெட்டி நட்டால்தான் பெருகும். எனவே குடியிருப்பின் கொடிகளெல்லாம் ஏதோ ஒரு தாய்க்கொடியின் படிகளே என்றும், அச்செடியின் இனப்பெருக்க உறுப்பு அண்டை வீட்டாரின் கை என்றும் கொள்ளலாம். முதலில் விலைகொடுத்து வாங்கியவரின் கொடி விதிப்படி பட்டுப்போயிருக்க வேண்டுமே என்ற தடைக்கு, அவரும் வேறெங்கோ கிள்ளியிருப்பார் என்பதே விடை.

ஒப்பீடும் முடிவும்

இத்தகைய மீறல் பட்டினப்பாக்கத்துக்கு மட்டும் உரியதன்று. பாத்திகளில் வண்ணப் பூக்களைக் கோலம்போல் அடுக்கும் விக்டோரியா காலத்து வழக்கத்தை எதிர்த்து, வில்லியம் ராபின்சன் காட்டுத் தோட்டத்தை வலியுறுத்தி 1870இல் நூல் எழுதினார். லெ கார்பூசியே அளந்து வகுத்த சண்டீகரில், பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளரான நேக் சந்த், உடைந்த பீங்கானையும் கழிவுப் பொருள்களையும் கொண்டு அனுமதியின்றி மறைவாக உருவாக்கிவந்த பாறைத் தோட்டம், கண்டுபிடிக்கப்பட்ட பின் இடிக்கப்படாமல் 1976இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அரசாங்கமே வழுவமைதி வழங்கிய அரிய நிகழ்வு அது.

ஆயினும் அமைதிக்கும் எல்லை உண்டு. காரணம் காட்டக்கூடிய மீறலே வழுவமைதி. காரணம் தேடிப் பிடிக்க வேண்டியது வழுவே. இவ்வளவுகோலின்படி மூன்று மட்டும் தேறவில்லை. தொட்டித் தட்டில் தேங்கிய நீர், ஒரு வாரம் பத்து நாளில் முட்டையை டெங்கு பரப்பும் கொசுவாக வளர்த்துவிடுவதால் வழு. இருபது லிட்டர் வாளியில் ஈரமண் முப்பது கிலோவைத் தாண்டும் என்பதால், பழைய கட்டடத்தின் பால்கனி விளிம்பில் அத்தகைய வாளிகளை வரிசையாக அடுக்குவதும் வழு. தென்னை நார்க்கழிவு கலந்து எடையைக் குறைத்து, சுவரோரமாக நகர்த்தி வைத்தால் அது அமைதி பெறும். மூன்றாவதாக, மேல்தளத்தார் செடிக்கு ஊற்றும் நீர் கீழ்தளத்தார் உலர்த்திய துணியில் வடிவதற்கு எந்த உரையாசிரியரும் இதுவரை அமைதி கூற முன்வந்ததில்லை. மழை வர்ற மாதிரி இருந்தாலும்கூட.