பச்சை கேட்டு வீட்டுப் பாக்கி

வேப்பந்தட்டையில் பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு விடும் கடைக்குப் போனால் முதலாளியைப் பிடிப்பது கஷ்டம். கணக்குப்பிள்ளை எங்கேயும் போகமாட்டார். கவிழ்த்து அடுக்கிய அண்டாக்களுக்கு நடுவே, காதில் பேனாவைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

முன்னால் ஒரு நீள நோட்டு. பிளஸ் ஒன் பிள்ளைகள் கணக்குப்பதிவியலில் குறிப்பேடு என்று படிப்பது இதைத்தான்; நடந்ததை நடந்த தேதியில் எழுதி, பிறகு பேரேட்டுக்கு மாற்றவேண்டும். நம்மவர் நோட்டிலிருந்து பேரேட்டுக்கு எதுவும் போனதாகத் தகவல் இல்லை.

"கை.களத்தூர் பச்சை கேட்டு வீடு. சடங்கு. சேர் 200, அண்டா 3, ஜல்லிக்கரண்டி 2. அட்வான்ஸ் 1,000." பேர் எங்கே என்றால், "செல்வராசுன்னு எழுதினா அந்த ஊர்ல எட்டுப் பேரு இருக்கான் தம்பி. பச்சை கேட்டு ஒண்ணுதான்" என்பார். பாக்கி தீருமுன் வீட்டுக்காரர் கேட்டுக்கு நீலம் அடித்துவிட்டார். கணக்குப்பிள்ளை நோட்டில் 'பச்சை'யை அடித்து 'நீலம்' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். திருத்தம் என்றால் முறைப்படி இருக்கவேண்டுமாம்.

பி.காம். முடித்த முதலாளி மகன் ஒருநாள் அட்வான்ஸை வருமானத்தில் சேர்த்துவிட்டான். வந்ததே கோபம்! "தாலியே ஏறலை, அதுக்குள்ள எப்படிடா நம்ம காசாகும்? கல்யாணம் நின்னா யாரு திருப்பிக் குடுக்கறது?" 1494-இல் வெனிஸில் இரட்டைப் பதிவு முறையை அச்சேற்றிய லூக்கா பசியோலி கேட்டிருந்தால் எழுந்து வந்து கைகொடுத்திருப்பார். வேலை முடியும்வரை முன்பணம் கடன்தான். பையன்தான் பரீட்சையில் பாஸாகியிருந்தான்.

துக்க வீட்டுக்கு மட்டும் அட்வான்ஸ் கேட்கமாட்டார். ஃப்ரீசர் பாக்ஸ் போன நேரத்தைக் குறித்து, 'பதினாறு கழிச்சு' என்று எழுதுவதோடு சரி. மனுஷன் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த வரியைப் பார்த்துத்தான்.

மற்றவர்களுக்குக் கெடு உண்டு. ஆனால் தேதி கிடையாது. 'வெங்காயம் வித்ததும்', 'பருத்தி எடுத்ததும்', 'எறையூர் ஆலையில கரும்புப் பணம் வந்ததும்'. சின்ன வெங்காயம் விலை சரிந்தால் பாக்கி அடுத்த வெள்ளாமைக்குத் தள்ளிப் போகும். மூன்று வருஷப் பாக்கி ஒன்றை வாராக்கடன் என்று எழுதிவிடலாமா என்று கேட்டான் பையன். கணக்குப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார்.

"வாராக்கடனா? அந்த வீட்டுல இன்னொரு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குதுடா!"

பணத்தில் இவ்வளவு தாராளம் காட்டுகிறவர் ஜல்லிக்கரண்டி விஷயத்தில் ஈவிரக்கமே பார்க்கமாட்டார். அந்தப் பக்கம் விசேஷம் வைத்திருப்பவர்கள் பாத்திரத்தை வண்டியில் ஏற்றுமுன் ஒருதடவை எண்ணிவிடுங்கள். ஒன்று குறைந்தாலும் அடுத்த விசேஷத்துக்கு உங்கள் வீட்டுக்கு அண்டா வராது.